லாபம், ஒண்ணு

சேரப்பணஞ்சேரி,
11-9-1991, புதன்.

ஞானம்மா சிஸ்டருக்கு,

ஜூலை பத்தாம் தேதி காலையில் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தவர்கள்: டாக்டர் தசரதன். முதுகில் ஊசி போட்ட மயக்க டாக்டர் பலராமன். காஞ்சிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தவர், அங்கே இன்னொரு கேஸ் காத்திருக்கிறது என்று வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். டாக்டர் கையில் கத்தரியும் ஊசியும் எடுத்துக்கொடுத்த ஜோதி சிஸ்டர். வாளியில் கிடந்த துணிகளை எடுத்து ரப்பர் ஷீட்டில் போட்டு எண்ணின ஆயா தாயாரம்மாள். சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அந்தக் கணக்குக்குக் கரும்பலகையில் கோடு போட்ட நீங்கள். மேஜைமேல் நான். ஆறு பேர். பெருமாளையும் சேர்த்தால் ஏழு.

இதை முதலிலேயே எழுதக் காரணம் இருக்கிறது. இப்போது ஆஸ்பத்திரியில் பேசுகிறதைக் கேட்டால் அந்த ரூமில் தாயாரம்மாள் ஒருத்தி மட்டும் இருந்த மாதிரி இருக்கிறது.

என்னை ஞாபகம் இருக்கும். கர்ப்பப்பை எடுத்த மரகதம். எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினீர்கள். அதற்கப்புறம் காய்ச்சல், சீழ், வயிறு கல் மாதிரி. ஆகஸ்ட் பதினாலாம் தேதி மறுபடி திறந்து, உள்ளேயிருந்து ஒரு காஸ் துணியை எடுத்தார்கள். தசரதன் டாக்டரே கட்டிலண்டை வந்து நின்று, "உள்ள துணி தங்கிடிச்சும்மா. எங்க தப்பு" என்றார். மறைக்கவில்லை. அந்த மட்டும் அவருக்கு ஒரு கும்பிடு.

போன வாரம் மேனேஜர் வெங்கடேசன் வீட்டுக்கே ஒரு பேப்பரோடு வந்தார். ஆயாவின் கவனக்குறைவால் நடந்தது, வேறு யார்மேலும் எனக்குப் புகார் இல்லை, இவ்வளவுதான் அதில். நான் கையெழுத்துப் போட்டால் தாயாரம்மாளை நிறுத்திவிடுவார்கள். உங்களையும் விசாரணை முடிகிற வரைக்கும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஜோதி சிஸ்டர் சொன்னார். விலாசம் தந்ததும் அவர்தான். பேப்பர் பெருமாள் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. வீட்டுக்காரர் போட்டுத் தொலை என்கிறார். அவருக்கு இது முடிய வேண்டும்.

எனக்கு இது முடியாது சிஸ்டர். என் மகள் கலைமதி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ஏழாம் மாசம் முடிகிறது. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டு கிடக்கிறதாம், ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு தடவை ரத்தம் பட்டாச்சு. செங்கல்பட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால் அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் குலுங்கக் கூடாது என்கிறார் டாக்டர். அதனால் அதே ரூம், அதே மேஜை, அதே வாளி.

ஒன்று சொல்கிறேன். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. காலண்டர் தாளையும் பாசுரப் புத்தகத்தையும் வைத்து நானே எழுத்துக்கூட்டிப் படித்தவள். ஆனால் எண்ணுவேன். மேஜைமேல் பயத்தில் விரல் கணுவில் கோவிந்தா எண்ணிக்கொண்டிருந்தேன். தாயாரம்மாள் துணி எண்ண ஆரம்பித்ததும் என் விரல் அந்தக் கணக்கோடு போய்விட்டது. அவர் முடித்தது பத்தொன்பதில். நீங்கள் திரும்பி, "இருபது, சரி டாக்டர்" என்றீர்கள். அன்று சாயங்காலம் வார்டில் என் நோட்டில் எழுதியிருக்கிறேன்: துணி 19. சிஸ்டர் 20 என்றார்.

எது சரி என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் மகளை அங்கே படுக்கவைக்க மாட்டேன்.

மரகதம்

---

கோத்தகிரி,
17-9-1991.

மரகதம் அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு இரண்டு நாள் பைபிளுக்குள் வைத்திருந்தேன். பதில் எழுதக் கூடாது என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன்.

உங்களுக்கு நடந்ததற்கு எத்தனை முறை மன்னிப்புக் கேட்டாலும் போதாது. ஆனால் நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். ஆயா ஒவ்வொரு துணிக்கும் ஒரு வார்த்தை சொல்வார்கள். நான் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு கோடு போடுவேன். அன்று இருபது கோடு இருந்தது. ஆபரேஷனுக்கு எடுத்துக் கொடுத்ததும் இருபது துணி. முதுகு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் கூடவே கொஞ்சம் தூக்க மருந்தும் தருவோம். அதில் ஒரு எண் நழுவிப்போவது சகஜம். உங்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம்.

நான் கோடு போடுவதில் கவனமாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஜூன் மாதம் அங்கே சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு குடல்வால் கேஸ். ஆயா எண்ணி முடித்ததும் என் பலகையில் ஒன்று குறைந்தது. "ஒரு துணி காணோம் டாக்டர்" என்றேன். இருபது நிமிடம் தேடினார்கள். வாளியைக் கவிழ்த்து, தரையில் தவழ்ந்து, வயிற்றுக்குள் மறுபடி கைவிட்டு. கடைசியில் எல்லாத் துணியும் ஷீட்டிலேயேதான் இருந்தது. ஆயா முதல் துணியை "லாபம்" என்று சொல்லியிருக்கிறார்கள். நான் அதை ஒரு எண்ணாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் எஸ்டேட்டில் நெல் கிடையாது, தேயிலையைத் தராசில் போட்டு எடைதான் பார்ப்போம். ஜோதி அக்கா சிரித்துவிட்டு, "லாபம்னா ஒண்ணு, சிஸ்டர். இங்க நெல் அளக்கறவங்க அப்படித்தான் ஆரம்பிப்பாங்க" என்றார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "எண்ணத் தெரியாதவங்களையெல்லாம் தியேட்டர்ல போடறாங்க" என்று கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். அன்றிலிருந்து லாபத்துக்கும் ஒரு கோடு போட்டேன். ஒருநாளும் தவறவில்லை.

கையெழுத்து விஷயம் உங்கள் மனசாட்சிப்படி. எனக்காக எதுவும் செய்ய வேண்டாம். இங்கே மழை விடவில்லை. என் அம்மா, எப்போது வேலைக்குத் திரும்புகிறாய் என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஞானம்மா

---

சேரப்பணஞ்சேரி,
24-9-1991, செவ்வாய்.

ஞானம்மா சிஸ்டருக்கு,

சனிக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. புரட்டாசி முதல் சனிக்கிழமை, விரதம். பெருமாளுக்குத் தளிகை போட்டுவிட்டுத்தான் பிரித்தேன். லாபம் என்று நீங்கள் எழுதியிருந்த இடத்தில் எனக்குக் கண் நின்றுபோச்சு.

அன்று தாயாரம்மாள் லாபம் என்றது எனக்கும் கேட்டது. ஆனால் அதற்குப் பின்னாலேயே "ஒண்ணு" என்றார். அப்புறம்தான் ரெண்டு, மூணு. எங்கள் களத்தில் லாபம் என்றால் அடுத்தது ரெண்டு. லாபத்துக்குப் பிறகு ஒண்ணு என்று யாரும் அளந்து நான் கேட்டதில்லை. வாய் தவறிச் சொல்கிறார் என்று விட்டுவிட்டு ஒண்ணிலிருந்து விரலை நகர்த்தினேன்.

நேற்று பிள்ளைப்பாக்கம் போய் அவரைப் பார்த்தேன். வீட்டுக்காரர் கூட வரவில்லை. "உன் வயித்த கிழிச்சவங்க வூட்டுக்கே நீ போய் விருந்து சாப்புடு" என்றார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, பெருமாள் புண்ணியம். இருந்தும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் தையல் இழுத்தது.

தாயாரம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "இன்னாமா, திட்டறதுக்கு இவ்ளோ தூரம் வயித்த புட்சிக்கினு வரணுமா? ஆள் உட்டா நானே வந்து வாங்கிக்கினு போயிருப்பேனே" என்றார். திட்ட வரவில்லை, எண்ணிக் காட்டுங்கள் என்றேன். முறத்தில் புளி இருந்தது. புளியங்கொட்டையை எடுத்து வைத்தார். உதட்டுக்குள்ளே லாபம். அப்புறம் சத்தமாக ஒண்ணு என்று முதல் கொட்டையை வைத்தார்.

"ஏன் ரெண்டும் சொல்றீங்க?" என்றேன்.

"டாக்டரு திட்டிட்டாரும்மா. உன் ஆபரேசனுக்கு முந்தின திங்கக்கெழம. 'இது என்ன நெல்லுக் களமா, லாபம் நஷ்டம்னுகிட்டு. இனிமே ஒண்ணுன்னு ஆரம்பி'ன்னு அத்தினி பேர் எதிர்ல. சரின்னுட்டேன். ஆனா வாய் கேக்க மாட்டேங்குது. அம்பது வருசமா மரக்கால் புடிச்ச கை. லாபம்னு சொல்லாம மொத துணிய தொட்டா யாருக்கோ கெடுதல் பண்ற மாதிரி கீது. அதனால லாபம்னு சாமிக்கு சொல்லிக்கினு, அப்பால ஒண்ணுன்னு டாக்டருக்கு சொல்வேன்."

"அந்தத் திங்கக்கிழமை ஞானம்மா சிஸ்டர் இருந்தாங்களா?"

"அந்தப் பொண்ணுக்கு அன்னிக்கு லீவு. ஜோதி சொல்லியிருக்கும்னு நெனச்சேன்."

"நீங்க பத்தொம்போதுல நிறுத்தினீங்க. அவங்க இருபதுன்னாங்க. கேக்கலையா?"

"டேபிள் மேல ஒண்ணு கீது போலன்னு நெனச்சேன். எழுதறவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போவுது? நான் கழுவறவ." இதைச் சொல்லிவிட்டுப் புளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரும்போது ஒரு பிடி புளியை மடித்துக் கொடுத்தார். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆக, நான் எண்ணினது தப்பில்லை சிஸ்டர். மருந்தில் எதுவும் நழுவவில்லை. துணி பத்தொன்பது, வார்த்தை இருபது. நீங்கள் வார்த்தையை எண்ணினீர்கள். மாற்றிச் சொல்லச் சொன்னதை ஆயாவிடம் மட்டும் சொன்னார்கள், கோடு போடுகிற உங்களிடம் ஒருத்தரும் சொல்லவில்லை.

இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. உங்கள்மேலும் தப்பில்லை, அவர்மேலும் தப்பில்லை என்று. ஆனால் ஒரு இடம் அடைபடவில்லை. எனக்கு அப்புறமும் ஆபரேஷன்கள் நடந்திருக்குமே. அப்போதும் தாயாரம்மாள் இப்படித்தானே எண்ணியிருப்பார். ஒரு துணியும் தொலையாத நாளில் உங்களுக்கு ஒரு கோடு கூடுதலாக வந்திருக்க வேண்டும். வந்ததா? எப்போது வந்தது?

விசாரணை அக்டோபர் ஏழாம் தேதி. என்னையும் வரச்சொல்லியிருக்கிறார்கள்.

மரகதம்

---

கோத்தகிரி,
29-9-1991, ஞாயிறு.

மரகதம் அம்மா,

கோயிலுக்குப் போகாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வந்தது. வெள்ளிக்கிழமை, ஜூலை பன்னிரண்டாம் தேதி. உங்களுக்கு அடுத்த கேஸ். பத்துத் துணி கொடுத்து, பதினோரு கோடு. நான் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜோதி அக்காதான் முகமூடிக்குள்ளே சொன்னார்கள்: "லாபத்துக்குக் கோடு போட்டியா? அத விட்டுடு. இப்ப ஒண்ணுன்னுதான் ஆரம்பிக்குது அது. டாக்டர் திட்டினதுலேர்ந்து." எப்போதிலிருந்து அக்கா என்றேன். "திங்கக்கிழமைலேர்ந்து. உனக்கு யாரும் சொல்லலையா?"

திங்கட்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் நடுவில் இருந்தது ஒரே கேஸ். நீங்கள்.

அங்கேயே தெரிந்துவிட்டது அம்மா. கணக்குப் போடக்கூட வேண்டியிருக்கவில்லை. புதன்கிழமை கடைசி வார்த்தை "பத்தொம்போது" என்பது என் காதிலும் விழுந்தது. பலகையில் இருபது இருந்தது. என் காதைவிடப் பலகையை நம்பினேன். மறுபடி எண்ணலாமா என்று ஒரு வார்த்தை தொண்டை வரை வந்தது. பலராமன் டாக்டர், "மூடுங்க சார், எனக்கு அங்க லேட்டாகுது" என்றார். தசரதன் டாக்டர் என் பக்கம் திரும்பி, "என்னம்மா, இன்னிக்காவது சரியா இருக்கா?" என்றார். இன்னிக்காவது என்ற அந்த வார்த்தைக்குத்தான் நான் "இருபது, சரி டாக்டர்" என்றேன்.

வெள்ளிக்கிழமை டியூட்டி முடிந்து உங்கள் வார்டுக்கு வந்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. டிரஸ்ஸிங் மாற்ற வேண்டிய நாளில்லை. நீங்கள் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தீர்கள். வலி இருக்கா என்றேன். பொறுத்துக்கலாம் என்றீர்கள். போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டேன். டாக்டர் அறை வாசல்வரை நடந்தேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. மறுபடி ஒரு பொய் அலாரமாக இருந்துவிட்டால் என்ன செய்வது, திறந்து பார்த்து உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். நாளை சொல்லலாம் என்று நினைத்தேன். எட்டாம் நாள் நீங்கள் வீட்டுக்குப் போனீர்கள். காய்ச்சல் ஒன்றும் இல்லை. அப்படியானால் நான்தான் தப்பாக நினைத்திருக்கிறேன் என்று கர்த்தருக்கு நன்றி சொன்னேன். அந்த நன்றியை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முந்தைய கடிதத்தில் ஒருநாளும் தவறவில்லை என்று எழுதினேன். மருந்தில் உங்களுக்கு எண் நழுவியிருக்கும் என்று எழுதினேன். தெரிந்தே எழுதினேன்.

இந்தக் கடிதத்தை விசாரணையில் கொடுத்துவிடுங்கள். நான் எதையும் மறுக்கமாட்டேன். ஆயாவை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

ஞானம்மா

---

சேரப்பணஞ்சேரி,
8-10-1991, செவ்வாய்.

ஞானம்மா,

உங்கள் கடிதம் வந்த அன்று ஒரு வேளை சாப்பிடவில்லை. விரதம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். கோபம் எனக்கு சுலபத்தில் வராது, வந்தால் சுலபத்தில் போகாது. போர்வையைச் சரிசெய்தது ஞாபகம் இருக்கிறது. எவ்வளவு அன்பான பெண் என்று அன்றே நோட்டில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். கிழித்தால் கணக்கு குறையும் என்று விட்டுவிட்டேன்.

அந்த நோட்டில் இன்னொரு வரியும் இருக்கிறதே. துணி 19 என்று எழுதி மூடிவைத்தவள் நான்தான். முப்பத்தைந்து நாள், என் வயிற்றுக்குள் இருந்ததை நானே எழுதிவைத்துவிட்டு யாரிடமும் காட்டவில்லை. படித்தவர்கள் சரி என்றார்கள், நான் யார் என்று இருந்துவிட்டேன். தாயாரம்மாளும் அதையேதான் சொன்னார். நீங்களும் அதையேதான் எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மேல் என்ன எழுத.

நேற்று விசாரணையில் நடந்ததைச் சொல்கிறேன். டாக்டர் ரூமில் தசரதன் டாக்டர், மேனேஜர், ஜோதி சிஸ்டர், தாயாரம்மாள், நான். மேனேஜர் அந்தப் பேப்பரைக் கேட்டார். ஒன்றும் எழுதாமல் அப்படியே கொடுத்தேன். "கையெழுத்து எங்கேம்மா?" என்றார். முதலில் ஆயா ஒரு தடவை எண்ணட்டும், ஜோதி சிஸ்டர் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு கோடு போடட்டும் என்றேன். மேனேஜர், "இது என்ன ஸ்கூலா?" என்றார். டாக்டர் அவரைக் கையமர்த்திவிட்டு மேஜையிலிருந்த பஞ்சு உருண்டைகளில் ஒன்பதைத் தட்டில் போட்டுத் தள்ளினார். எத்தனை என்று யாருக்கும் சொல்லவில்லை.

தாயாரம்மாள் உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். உதட்டுக்குள்ளே லாபம். அப்புறம் ஒண்ணு. ஒன்பதில் முடித்தார். ஜோதி சிஸ்டர் பேப்பரைக் காட்டினார். பத்துக் கோடு.

டாக்டர் ஒன்பது உருண்டையையும் பத்துக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இவங்கள லாபம் சொல்லாதேன்னு அதட்டினது நான்தான்" என்றார். மேனேஜரிடம், "அந்தப் பேப்பர எடுத்து உள்ள வைங்க" என்றார். தாயாரம்மாள் அழவில்லை. "அப்ப நான் நாளைக்கு வரலாமாய்யா?" என்று மட்டும் கேட்டார். வா என்றார் டாக்டர்.

அப்புறம் என்னைப் பார்த்து, "இது ஞானம்மாவுக்குத் தெரியுமா? எப்பத் தெரியும்?" என்றார். ஜோதி சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். உங்கள் கடிதம் என் மடியில் பைக்குள் இருந்தது. எடுக்கவில்லை. "அத அவங்க வந்து சொல்லுவாங்க டாக்டர்" என்றேன்.

நான் கேட்டது ஒன்றுதான். "இனிமே அந்தச் சிஸ்டர் நிறுத்துங்கன்னு சொன்னா நிறுத்துவீங்களா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லட்டும். நிறுத்தறேன்" என்றார். அதற்குள் அவருக்கு வயசு கூடிவிட்ட மாதிரி இருந்தது.

உங்களுக்கு மெமோ வரும். இருபத்தைந்தாம் தேதிக்குள் வேலைக்கு வரவேண்டும் என்று இருக்குமாம்.

மரகதம்

---

கோத்தகிரி,
12-10-1991.

மரகதம் அம்மா,

மெமோ இன்று வந்தது. உங்கள் கடிதமும் இன்றுதான்.

நீங்கள் கடிதத்தைக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என்னை அனுப்பிவிட்டிருப்பார்கள், எல்லாம் முடிந்திருக்கும்.

இங்கே எஸ்டேட் டிஸ்பென்சரியில் ஒரு நர்ஸ் இடம் இருக்கிறது. கைவெட்டுக்குக் கட்டு, காய்ச்சலுக்கு மாத்திரை. யாருடைய வயிறும் திறந்திருக்காது. அங்கே ஒருவரும் என்னிடம் இன்னிக்காவது சரியா இருக்கா என்று கேட்க மாட்டார்கள். எனக்கு இருபத்தொன்பது வயதாகிறது, ஆனால் ரொம்ப நாள் நின்றுகொண்டே இருந்த மாதிரி கால் வலிக்கிறது. போகலாம் என்று இருக்கிறேன்.

கலைமதிக்காக ஜெபிக்கிறேன். இரத்தம் பட்டால் கால்மாட்டில் கட்டிலை உயர்த்தி வையுங்கள், நடக்க விடாதீர்கள்.

ஞானம்மா

---

சேரப்பணஞ்சேரி,
17-10-1991, வியாழன்.

ஞானம்மா சிஸ்டருக்கு,

கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல் வைத்தாச்சு. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் ரத்தம் பட்டது, நின்றுவிட்டது. தேதி குறித்துவிட்டார்கள், இம்மாதம் முப்பது, புதன்கிழமை காலை. மறுபடி புதன்கிழமை.

நேற்று சம்மதப் பேப்பர் கொண்டுவந்தார் ஜோதி சிஸ்டர். இது வேறு பேப்பர். மகளுக்கு ஆபரேஷன் செய்ய எங்களுக்குச் சம்மதம் என்பது. மாப்பிள்ளை போட்டுவிட்டார், வீட்டுக்காரர் போட்டுவிட்டார். என் கையெழுத்து சட்டப்படி வேண்டியதில்லையாம். ஆனால் கலைமதி, "அம்மா போட்டாத்தான் நான் போடுவேன்" என்று பேனாவை மூடி வைத்துவிட்டாள். பேப்பர் மறுபடி பெருமாள் படத்துக்குப் பின்னால் போயிருக்கிறது. அவரும் எத்தனை பேப்பரைத்தான் காவல் காப்பார்.

ஜோதி சிஸ்டரிடம் கேட்டேன், இப்போது எண்ணுகிறது எப்படி என்று. தாயாரம்மாள் துணியை எடுத்துப் போடுகிறாராம், ஜோதி சிஸ்டர் கூடவே எண்ணுகிறாராம். கோடு போட ஆளில்லை, வார்டிலிருந்து யார் கிடைக்கிறார்களோ அவர்களைக் கூப்பிடுகிறார்கள். போன வாரம் வந்த பெண் கோடு போட்டுவிட்டு எத்தனை என்று டாக்டரிடமே கேட்டதாம். முதல் துணிக்கு என்ன சொல்வது என்பது இன்னும் முடிவாகவில்லை. தாயாரம்மாள் சொல்கிறார், "அந்தக் கோடு போட்ற பொண்ணு வந்து இன்னா சொல்லச் சொல்தோ அத்த சொல்றேன். லாபம்னா லாபம், ஒண்ணுன்னா ஒண்ணு. ரெண்டுல எதுன்னு அது எங்கிட்ட சொல்லட்டும், நானும் அதுங்கிட்ட சொல்றேன்." டாக்டர் அதற்கும் தலையாட்டியிருக்கிறார்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். டிரஸ்ஸிங் மாற்றும்போதெல்லாம் கொஞ்சம் வரும். ஆனால் அந்த ரூமில் வேறு யாரை வைத்தாலும், டாக்டர் முகத்தைப் பார்த்து சரி என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால் எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். டிஸ்பென்சரியில் அந்தத் தெரிந்தது யாருக்கும் உதவாது.

வந்தால் முதல் நாளே டாக்டரிடம் அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்லிவிடுங்கள். உங்கள் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, வந்ததும் உங்கள் கையிலேயே தருகிறேன். வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. வாங்கித் தருகிறேன் என்று சொல்லவும் நான் ஆளில்லை.

என் விலாசம் எழுதின கார்டு ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். நிறைய எழுத வேண்டாம். வருகிறீர்களா இல்லையா என்பது ஒரு வார்த்தை. வருவதானால், முதல் துணிக்குத் தாயாரம்மாள் என்ன சொல்ல வேண்டும் என்பது இன்னொரு வார்த்தை. கார்டு மூன்று நாள் எடுக்கிறது. முப்பதாம் தேதிக்கு முன்னால், அதைப் பார்த்துவிட்டு நான் கையெழுத்துப் போட வேண்டும். சீக்கிரம் பதில் எழுதவும்.

மரகதம்